பண்ருட்டி முந்திரிக் கணக்கும் இலவச டேட்டாபேஸும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு முந்திரி நிறுவனத்தின் கதை. ஆலை பண்ருட்டியில். அலுவலகமும் கணக்கும் கடலூரில், தென்பெண்ணைக் கரையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு தாழ்வான தெருவில். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் அலுவலகத்தின் தரைத்தளத்துக்குள் வந்தது. மொத்தக் கணக்கையும் சுமந்த சர்வர் நனைந்தது. பேக்கப் இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். திறந்து பார்த்தால் பாதிதான் இருந்தது.

கணக்கை மீட்கவும், பிறகு மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றவும் என்னைக் கூப்பிட்டார்கள். புதுச்சேரியில் இருந்துகொண்டு டேட்டாபேஸ் பராமரிப்பதுதான் என் தொழில். நிறுவனத்தின் பெயரையும் மென்பொருள் எழுதிய குழுவின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. இரண்டு தரப்பும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

எழுதக் காரணம் உண்டு. நம் பக்கத்துச் சிறு தொழில்களில் டேட்டாபேஸ் பற்றிப் பேச்சு எடுத்தாலே "அது ஃப்ரீதானே சார்" என்று முடித்துவிடுகிறார்கள். இலவசமாகக் கிடைப்பது மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமை. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை யாருக்கும் இலவசமில்லை. அந்த வேலையை யார் செய்வது, யார் சம்பளம் கொடுப்பது, மென்பொருளின் பெயரும் காப்புரிமையும் (காப்பிரைட்) யார் கையில் இருக்கின்றன என்ற மூன்றையும் முதல் நாளே கேட்டிருந்தால் இந்த நிறுவனத்துக்கு இவ்வளவு அலைச்சல் வந்திருக்காது.

கணக்கில் என்ன இருந்தது

முந்திரிக்கொட்டை 80 கிலோ மூட்டையாக வரும். உள்ளூர்க் கொட்டை கொஞ்சம், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவது அதிகம். ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு லாட் எண். வேகவைத்து, உடைத்து, காயவைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து முடிக்கும்போது அந்த மூட்டையிலிருந்து எத்தனை பவுண்டு பருப்பு தேறியது என்று பார்ப்பார்கள். அதுதான் அவுட்டர்ன். 48 வந்தால் நல்ல கொட்டை. அதற்கப்புறம் தரம்: டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 320 பருப்புக்குள் நிற்க வேண்டும், டபிள்யூ 240 என்றால் 240க்குள். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடும்.

கமிஷன் ஏஜென்ட் வரவு, உடைக்கும் பெண்களின் கூலி, தரம்வாரி இருப்பு எல்லாம் இந்த லாட் எண்ணைச் சுற்றித்தான் ஓடும். லாட் கணக்கு போனால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கான மென்பொருளைப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இரண்டே பேர் சேர்ந்து நடத்தும் ஒரு குழு 2009 வாக்கில் எழுதிக் கொடுத்தது. விண்டோஸ் கணினி, மைஎஸ்கியூஎல் 5.1. பின்னர் 5.5க்கு ஏற்றினார்கள். அங்கேயே நின்றுவிட்டது. 5.5க்கான ஆதரவு 2018 டிசம்பரிலேயே முடிந்துபோன விஷயம் கடலூர் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

பாதி பேக்கப்

ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை ஏறி, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கடலூர் வரைக்கும் கரை மீறி ஓடியது. சர்வர் ஒரு குட்டை ஸ்டூலின் மேல் இருந்தது. தண்ணீர் ஸ்டூலைத் தாண்டிவிட்டது.

பேக்கப் வைத்திருந்த யுஎஸ்பி டிரைவ் மாடியில் முதலாளி வீட்டில் பத்திரமாக இருந்தது. தினமும் இரவு விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர், டேட்டாபேஸ் முழுவதையும் நகலெடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவியை ஓட்டி ஒரு ஃபைல் எழுதும். காலையில் கணக்குப்பிள்ளை தேதி போட்ட ஃபைல் வந்திருக்கிறதா என்று பார்த்து நோட்டில் டிக் செய்வார். அவர் வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். நோட்டு முழுக்க டிக்.

ஆனால் மைஎஸ்கியூஎல்டம்ப் ஒழுங்காக முடிந்தால் ஃபைலின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு எழுதும். கடைசி ஃபைலைத் திறந்து நேரே அடிக்குப் போனேன். அந்த வரி இல்லை. முந்தின நாள் ஃபைலிலும் இல்லை. முந்தின மாதத்திலும் இல்லை.

நடந்தது இதுதான். டம்ப் ஒரு டேட்டாபேஸுக்குள் டேபிள்களை ஆங்கில அகர வரிசையில் எடுக்கும். அக்கவுன்ட்ஸ், பில்ஸ், லாட் வரை சரியாக வந்திருக்கிறது. அடுத்தது 'லாட் ஓல்டு', அதாவது பழைய ஆண்டுகளின் லாட்டுகளை ஒதுக்கி வைத்த டேபிள். யாரும் திறப்பதில்லை. ஏதோ ஒரு மின்வெட்டில் அது சிதைந்துபோயிருக்கிறது. டம்ப் அதைத் தொட்டவுடன் பிழை சொல்லி நின்றுவிடும். அதற்குப் பின்னால் வரவேண்டிய பேமென்ட்ஸ், பர்ச்சேஸ், வேஜஸ், ஒர்க்கர்ஸ் எதுவும் ஃபைலில் ஏறவே இல்லை. பிழைச் செய்தி எழுத ஒரு லாக் ஃபைலும் வைக்கவில்லை. முன்பாதியில் இருந்த பில்ஸ் டேபிள் நாளுக்கு நாள் வளர்ந்ததால் பேக்கப் ஃபைலின் அளவும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. அளவைப் பார்த்து யாரும் சந்தேகப்பட வழியில்லை.

அந்த டேபிள் சிதைந்ததற்கும் காரணம் இருக்கிறது. 5.1 காலத்தில் மைஎஸ்கியூஎல் சும்மா டேபிள் உருவாக்கச் சொன்னால் மைஐசாம் என்ற எஞ்சினில்தான் உருவாக்கும். எஞ்சின் என்பது தரவை டிஸ்கில் எழுதிப் படிக்கும் பகுதி. வேகமானது, எளிமையானது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தானாக மீண்டு எழத் தெரியாது. 2010இல் வந்த 5.5 முதல் இன்னோடிபி இயல்பு எஞ்சின் ஆனது. அதில் மாற்றங்களை முதலில் லாக்கில் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால் மின்வெட்டைத் தாங்கும். ஆனால் இயல்பு மாறினாலும் ஏற்கெனவே இருக்கும் டேபிள்கள் மாறாது. அவற்றை ஒவ்வொன்றாக நாம்தான் மாற்ற வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்ட பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊரில், மின்வெட்டைத் தாங்காத எஞ்சினில் இத்தனை வருடம் கணக்கு ஓடியிருக்கிறது. நினைத்தால் பதறுகிறது.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று நிரலாளர்கள் தங்கள் நிரலைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது: அவர்களின் போஸ்ட்கிரஸ் டம்ப் பல நாளாக ஓடவே இல்லை. சர்வர் 9.6, டம்ப் எடுக்கும் கருவி 9.2. பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் தள்ளுபடியாகிக்கொண்டிருந்தன. கடைசியில் ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு இழப்போடு தப்பித்தார்கள். முழுவதையும் ஒளிக்காமல் பொதுவில் எழுதி வைத்தார்கள். கடலூர் முதலாளிக்கு நான் அதைச் சொன்னது ஆறுதலுக்காக இல்லை. "ஃபைல் வந்துச்சா" என்று பார்ப்பதும் "ஃபைலிலிருந்து கணக்கு திரும்பி வருமா" என்று பார்ப்பதும் வேறு வேறு வேலை என்று புரியவைக்கத்தான்.

மீட்டது

நனைந்த டிரைவை நன்றாக உலர்த்தி, வேறு கணினியில் மாட்டி, முதலில் முழு டிரைவையும் அப்படியே ஒரு நகல் எடுத்தோம். அசலை அதற்குப் பிறகு தொடவே இல்லை. நகலிலிருந்து மைஎஸ்கியூஎல் தரவுக் கோப்புறையை எடுத்து, அதே 5.5ஐ இன்னொரு கணினியில் நிறுவி, மேலே வைத்து ஓட்டினோம். மைஐசாமில் ஒரு நல்ல குணம்: டேபிளுக்குத் தனித்தனிக் கோப்புகள், தரவு வேறு, தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் வேறு. இன்டெக்ஸ் கெட்டாலும் தரவுக் கோப்பு இருந்தால் திரும்பக் கட்டிவிடலாம். பெரும்பாலானவை வந்துவிட்டன. கூலி டேபிளின் கடைசிப் பகுதி மட்டும் தேறவில்லை. ஆலையில் மேஸ்திரி எழுதும் சிட்டை நோட்டு இருந்ததால் அந்த நாட்களின் கூலியைக் கையால் திரும்ப ஏற்றினார்கள்.

கூலி டேபிளைச் சரிபார்த்தபோதுதான் பெயர்கள் கண்ணில் பட்டன. 'வேல்முருகன' என்று புள்ளியில்லாமல் நின்றது. 'பாக்கியலட்' என்று ஒருவர். வெள்ளத்தில் கெட்டது என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். இல்லை, வருடக்கணக்காக அப்படித்தான் இருந்திருக்கிறது.

2018இல் 8.0 வரும்வரை மைஎஸ்கியூஎல்லின் இயல்பு எழுத்துக்குறியீடு லத்தீன்1. அதில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடு தமிழில், யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். பெயருக்கு 30 இடம் விட்டிருந்தார்கள். லத்தீன்1 கணக்கில் 30 எழுத்து, தமிழில் பத்தே குறி. வேல்முருகனுக்குப் பதினொன்று வேண்டும். பத்தோடு வெட்டினால் கடைசிப் புள்ளி போகிறது. பாக்கியலட்சுமிக்குப் பதினான்கு வேண்டும். பழைய பதிப்பு இதை ஓர் எச்சரிக்கையோடு வெட்டிவிட்டு மேலே போய்விடும். அந்த எச்சரிக்கையைத் திரையில் காட்ட மென்பொருளில் வசதி இல்லை.

எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நடந்ததால் திரையில் தமிழ் தமிழாகவே தெரிந்தது. டம்ப் எடுத்து வேறு இடத்தில் ஏற்றினால்தான் லத்தீன் குப்பையாகக் கொட்டும். அதைச் சரிசெய்ய அந்த நெடுவரிசைகளை முதலில் பைனரியாக்கி, பிறகு 'யுடிஎஃப்8எம்பி4' (மைஎஸ்கியூஎல்லில் முழு யுடிஎஃப்-8க்கான பெயர்) என்று அறிவிக்க வேண்டும். நேரடியாக மாற்றினால் குப்பை நிரந்தரமாகிவிடும். தமிழ்த் தரவு வைத்திருக்கும் பழைய மைஎஸ்கியூஎல் எதையும் தொடும் முன் இதைச் சோதித்துவிடுங்கள். வெட்டுப்பட்ட பெயர்களை ஆதார் நகல்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். தன் பெயர் கூலிச் சீட்டில் முழுசாக வந்ததைப் பார்த்து ஓர் அம்மா, "இப்பதான் என் பேரே ஏறியிருக்கு" என்றார்.

பெயர் யாருடையது

மீட்டாயிற்று. எதில் தொடர்வது? இங்கேதான் வணிகப் பக்கம் வந்தது. லாஸ்பேட்டை குழு இந்த மென்பொருளைப் பண்ருட்டியில் மற்ற முந்திரி வியாபாரிகளுக்கும் விற்க நினைத்திருந்தது. ஒரே இன்ஸ்டாலரில் டேட்டாபேஸையும் சேர்த்துக் கொடுக்கத் திட்டம்.

மைஎஸ்கியூஎல் சமுதாயப் பதிப்பு ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்குள் பயன்படுத்தும்வரை ஜிபிஎல் எதையும் கேட்காது. மென்பொருளோடு சேர்த்து அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான் அதன் நிபந்தனை எழும்: சேர்ந்து இயங்கும் உங்கள் நிரலின் மூலத்தையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி. மென்பொருளை டேட்டாபேஸோடு பேசவைக்க அவர்கள் பயன்படுத்திய இணைப்பு நூலகமும் ஜிபிஎல்தான். மூலத்தைக் கொடுக்க விருப்பமில்லை என்றால் மைஎஸ்கியூஎல்லை இப்போது வைத்திருக்கும் ஆரக்கிளிடம் வணிக உரிமம் வாங்கு என்பதுதான் வழி. இது சூழ்ச்சி எதுவும் இல்லை. மைஎஸ்கியூஎல் ஏபி என்ற சுவீடன் நிறுவனம் வளர்ந்ததே இந்த இரட்டை உரிம முறையில்தான். திறந்து கொடுப்பவருக்கு ஜிபிஎல், மூடி விற்பவருக்குக் காசு. அந்தக் காசில்தான் நிரலாளர்களுக்குச் சம்பளம் போனது. எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை உண்டு.

ஆனால் இரட்டை உரிமம் கொடுக்க வேண்டும் என்றால் முழுக் காப்புரிமையும் ஒரே நிறுவனத்திடம் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இருப்பதை ஒரே நாளில் விற்கலாம். 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 100 கோடி டாலருக்கு மைஎஸ்கியூஎல்லை வாங்கியது. 2009இல் சன்னையே வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்தது. உலகின் பெரிய வணிக டேட்டாபேஸை விற்கும் நிறுவனத்தின் கையில் அதன் இலவசப் போட்டியாளர் போவதை ஐரோப்பிய ஆணையம் விசாரித்தது. மைஎஸ்கியூஎல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் எதிர்த்துப் பிரச்சாரம் செய்தார். ஆரக்கிள் பத்து வாக்குறுதிகள் கொடுத்தது. ஐந்தாண்டுக்குச் செல்லும் வாக்குறுதிகள். 2010 ஜனவரியில் கைமாறியது.

விடேனியஸ் அதற்குள் அதே நிரலிலிருந்து மரியாடிபி என்ற தனி டேட்டாபேஸைக் கிளைபிரித்துவிட்டார். மூத்த மகள் மை பெயரில் மைஎஸ்கியூஎல், இளைய மகள் மரியா பெயரில் மரியாடிபி. பயனர்கள் கூட்டமாக நகர்ந்தார்கள். விக்கிப்பீடியா 2013இல் மரியாடிபிக்கு மாறியது. டெபியன் என்ற லினக்ஸ் 2017இல் வந்த 9ஆம் பதிப்பில் மைஎஸ்கியூஎல்லை எடுத்துவிட்டு மரியாடிபியை வைத்தது. நம் கல்லூரிப் பிள்ளைகள் வெப் சர்வரும் டேட்டாபேஸும் சேர்ந்த எக்ஸாம்ப் தொகுப்பை நிறுவிவிட்டு "மைஎஸ்கியூஎல் படிக்கிறேன்" என்கிறார்களே, 2015 அக்டோபர் முதல் அதற்குள் இருப்பதும் மரியாடிபிதான். கருப்புத் திரையில் கட்டளை கேட்கும் இடத்திலேயே அந்தப் பெயர் இருக்கும்.

ஆரக்கிளுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பயந்தபடி மைஎஸ்கியூஎல்லைக் கொன்றுவிடவில்லை. ஐந்தாண்டு முடிந்த பின்னும் ஜிபிஎல்லில் வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தது. 8.0 நல்ல பதிப்பு.

மூன்று வழிகள், ஒரு மேஜை

லாஸ்பேட்டை தம்பிகள் இருவர், முதலாளி, கணக்குப்பிள்ளை, நான். மைஎஸ்கியூஎல் 8இலேயே தொடரலாம், மரியாடிபிக்குப் போகலாம், போஸ்ட்கிரஸுக்குப் போகலாம். தம்பிகளுக்கு மரியாடிபிதான் பிடித்திருந்தது. நிரலில் மாற்றம் குறைவு. இணைப்பு நூலகம் ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால் மூடிய மென்பொருளோடும் சேரும். மரியாடிபி சர்வரின் அடிப்படை நிரலின் காப்புரிமை ஆரக்கிளிடம் இருப்பதால் மரியாடிபி நிறுவனமே நினைத்தாலும் சர்வரை ஜிபிஎல்லிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. 2012 முதல் தனி அறக்கட்டளையும் இருக்கிறது. எல்லாம் பலம்தான். மரியாடிபியைத் தேர்ந்திருந்தால் தவறென்று சொல்லமாட்டேன்.

என் தயக்கம் அதன் பின்னால் இருந்த நிறுவனத்தைப் பற்றியது. மேக்ஸ்ஸ்கேல் என்ற தன் துணைக்கருவியை 2016இல் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. குறிப்பிட்ட வருடங்கள் கழித்துத்தான் அது திறந்த மூலமாகும். 2022 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது, பங்கு சரிந்தது, 2024 செப்டம்பரில் கே1 என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கிச் சந்தையிலிருந்து வெளியே எடுத்தது. நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தபோது அது நடந்து சில மாதங்கள்தான்.

முதலாளி கேட்டார்: "சார், இவங்க கைமாறினா எனக்கென்ன? என் கணினியில இருக்கறது என் கணினியிலதானே இருக்கு?"

நல்ல கேள்வி. இருப்பது இருக்கும். அடுத்த பதிப்பு, அடுத்த பாதுகாப்புத் திருத்தம் எந்த உரிமத்தில் வரும் என்பதுதான் கைமாறுகிறது. இதே போலத் திறந்த மூலத்தில் தரவு மென்பொருள் கொடுத்துவந்த மோங்கோடிபி 2018இல், எலாஸ்டிக் 2021இல், ரெடிஸ் 2024 மார்ச்சில் உரிமத்தை இறுக்கின. இவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. பெரிய கிளவுட் நிறுவனங்கள் அவர்கள் எழுதியதை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தன, எழுதியவர்களுக்கு அதில் பங்கு வரவில்லை. ஆனால் பயனர்களும் சும்மா இருக்கவில்லை. ரெடிஸ் மாறிய அதே மாதத்தில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையில் வால்கி என்ற கிளை பிறந்தது.

போஸ்ட்கிரஸில் இந்தக் கைமாற்றத்துக்கு இடமில்லை. 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சி. 1996இல் இன்றைய பெயர் பெற்று உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் திட்டமானது. உரிமம் மிகவும் தளர்வானது: காப்புரிமை அறிவிப்பை உடன் வைத்தால் போதும், மூடியும் விற்கலாம். அமேசானின் ரெட்ஷிஃப்ட்டுக்கு வேர் ஒரு பழைய போஸ்ட்கிரஸ்தான். யாரும் மூடிய கிளை எடுத்துக்கொள்ளலாம். மூலத்தை மட்டும் யாராலும் மூட முடியாது, காப்புரிமை எண்ணற்ற பேரிடம் சிதறிக் கிடக்கிறது. இடிபி என்ற நிறுவனம் 2020இல் போட்டி நிறுவனமான செகண்ட்குவாட்ரன்ட்டை வாங்கியபோது போஸ்ட்கிரஸ் திட்டத்தின் மையக் குழுவில் ஒரே நிறுவனத்தார் பாதிக்கு மேல் ஆகிவிட்டார்கள். பாதியைத் தாண்டக் கூடாது என்பது அங்கே மரபு. உடனே வெளியிலிருந்து இருவரைச் சேர்த்துச் சமன் செய்தார்கள். நான் போஸ்ட்கிரஸை நம்பச் சொல்வதற்கு இந்த ஒரு செயல் போதும்.

போஸ்ட்கிரஸ் 17 என்று முடிவானது. இன்ஸ்டாலரில் சேர்த்துக் கொடுக்க யாரிடமும் அனுமதி வேண்டாம். தம்பிகளுக்கு வேலை அதிகம், அதற்கான பணத்தில் ஒரு பங்கை முதலாளி தர ஒப்புக்கொண்டார்.

மாற்றும்போது வெளியே வந்தவை

தரவை மாற்ற பிஜிலோடர் என்ற திறந்த மூலக் கருவி. மைஎஸ்கியூஎல்லில் தேதி தெரியாத இடத்தில் எல்லாம் பூஜ்யமாகவே ஒரு தேதி உட்கார்ந்திருக்கும். போஸ்ட்கிரஸ் அப்படி ஒரு தேதியை ஏற்காது. பிஜிலோடர் அதை வெற்றிடமாக்கிவிடும். இதெல்லாம் கருவி பார்த்துக்கொண்டது. கருவியால் பார்க்க முடியாதது அறிக்கைகளில் இருந்தது.

ஏஜென்ட் கமிஷன் அறிக்கை லாட் எண்ணால் தொகுத்து, ஏஜென்ட் பெயரையும் மூட்டைக் கூட்டுத்தொகையையும் காட்டும். ஒரே லாட்டை இரண்டு ஏஜென்டுகள் பங்கிட்டிருந்தால்? பழைய மைஎஸ்கியூஎல் இருவரில் யாரோ ஒருவர் பெயரைப் போட்டு, மொத்த மூட்டையையும் அவர் கணக்கில் காட்டிவிடும். போஸ்ட்கிரஸ் அந்த வினவலை (குவெரி) ஓட்டவே மறுத்தது: பெயரையும் தொகுப்பில் சேர், அல்லது எந்தப் பெயர் என்று சொல். மைஎஸ்கியூஎல்லும் 5.7 முதல் இயல்பாகவே இப்படி மறுக்கிறது. 5.5இல் நின்றுபோனவர்களுக்கு அது கிடைக்கவில்லை. கணக்குப்பிள்ளை அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதான் அந்த நெல்லிக்குப்பம் ஆளு வருஷா வருஷம் சண்டைக்கு வர்றாரா!" பழைய லாட்டுகளை எடுத்துப் பார்த்து அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்தார்கள்.

அடுத்தது தரங்கள். மைஎஸ்கியூஎல் இயல்பாகப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரஸ் எடுக்காது. இருப்பு அறிக்கையில் பெரிய எழுத்து டபிள்யூ 320 ஒன்று, சிறிய எழுத்து டபிள்யூ 320 ஒன்று என்று இரண்டு வரி வந்தது. தரங்களுக்குத் தனி டேபிள் போட்டு, அதில் இல்லாத தரத்தை ஏற்காதபடி கட்டினோம். மைஐசாமில் இப்படிக் கட்டினாலும் அது கண்டுகொள்ளாது. இல்லாத லாட்டுக்குக் கூலி போட்ட வரிகள் அங்கங்கே கிடந்ததற்கு அதுதான் காரணம்.

தமிழ் அகர வரிசை எனக்கு மனதுக்கு நெருக்கமான பகுதி. யூனிகோடு எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற என்று வரும். நம் நெடுங்கணக்கில் றவும் னவும் கடைசியில். போஸ்ட்கிரஸ் 10 முதல், மொழிவாரி அகர வரிசைகளை அறிந்த ஐசியு என்ற நூலகத்தோடு சேர்ந்து தமிழ் வரிசையைக் கேட்டு வாங்கலாம். கூலிப் பட்டியல் இப்போது நம் வரிசையில் அச்சாகிறது.

கேட்டால் சொல்பவர்கள்

ஐசியு வரிசையில் இன்டெக்ஸ் கட்டினால், சர்வரில் ஐசியு பதிப்பு மாறும்போது இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இருக்கும் பெயரையே இல்லை என்று சொல்லக்கூடும். இந்த எச்சரிக்கையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கோ இருக்கும் ஒரு போஸ்ட்கிரஸ் பயனர். அவருக்கு என்னைத் தெரியாது. காசு கேட்கவில்லை. திறந்த மூலத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் கூடிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. கணியம் தளத்தில் தமிழிலேயே டேட்டாபேஸ் பாடம் கிடைக்கிறது. அப்படிக் கற்ற ஒரு மாணவி இந்த மாற்றத்தில் பெயர் திருத்தும் நிரலை எழுதினார், அதற்குச் சம்பளம் வாங்கினார். வாடிக்கையாளர் தரவு எதுவும் இல்லாமல் அந்த நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட முதலாளியிடம் அனுமதி கேட்டோம். "ஊர்ல மத்தவங்களுக்கும் இதே பிரச்சினை இருக்குமே, போடுங்க" என்றார்.

ஆனால் இரவு பத்து மணிக்குக் கடலூரில் சர்வர் நின்றால் அந்த முகம் தெரியாத நண்பர் வர வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த மாணவிக்குத் தேர்வு இருக்கலாம். வர வேண்டிய கட்டாயத்தைப் பணம் கொடுத்துத்தான் உண்டாக்க முடியும். பெர்கோனா என்ற நிறுவனம் 2006 முதல் மைஎஸ்கியூஎல்லுக்கு ஆதரவு விற்றே வளர்ந்தது. இடிபி போஸ்ட்கிரஸுக்கு அதைச் செய்கிறது. கடலூர் அளவுக்கு அவர்கள் பெரிது. லாஸ்பேட்டை அளவில் அதையே செய்யலாம்.

ஒப்பந்தம்

முன்பு இருந்தது ஒரு பில் மட்டும்: மென்பொருள் விலை, தீர்ந்தது. இப்போது மாதச் சந்தா. அதில் என்ன அடங்கும் என்று தமிழிலேயே எழுதினோம், முதலாளி படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால்.

தினசரி டம்ப் இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று கடலூரில் மாடியில், இன்னொன்று மறையாக்கம் செய்து வெளியூர்ச் சேமிப்பகத்தில். டம்ப் தோற்றாலும் குறுஞ்செய்தி, வென்றாலும் குறுஞ்செய்தி. எதுவுமே வராத நாளில் கணக்குப்பிள்ளை போன் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு கணினியில் ஏற்றி, அந்த மாத மூட்டைக் கூட்டுத்தொகையும் கூலிக் கூட்டுத்தொகையும் சிட்டையோடு ஒத்துவருகிறதா என்று கணக்குப்பிள்ளை முன்னிலையில் பார்க்க வேண்டும். ஒத்துவந்தால்தான் அந்த மாதச் சந்தா. இந்த நிபந்தனையைக் கேட்டுத் தம்பிகளில் மூத்தவர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம், "சரிங்க ஐயா, இது எங்களுக்கும் நல்லதுதான்" என்றார். முதல் மாதம் கூலித் தொகை ஒத்துவரவில்லை. தேடியதில் சிட்டையில்தான் ஒரு கூட்டல் பிழை.

சர்வர் மாடிக்குப் போய்விட்டது. போஸ்ட்கிரஸ் 17க்கு 2029 நவம்பர் வரைதான் திருத்தங்கள் வரும். அதற்கு முன் அடுத்த பதிப்புக்கு ஏற்றுவது குழுவின் வேலை, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்று கடைசிப் பிரிவில் இருக்கிறது. ஏற்றும் நாளை மார்ச்சிலிருந்து மே வரை வைக்கக் கூடாது, உள்ளூர்க் கொட்டை வரும் காலம் என்று கணக்குப்பிள்ளை தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.